அப்பாவுக்கு 55 வயசுல படகு மீன்பிடி ஆசையா? ஆரணி வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு வழிகாட்டி

ஞாயிற்றுக்கிழமை மதியம். சாப்பிட்டுவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்து போனில் வீடியோ பார்த்துக்கொண்டிருக்கிறார் அப்பா. யாரோ ஒருவர் படகிலிருந்து கை நீள மீனைத் தூக்குகிறார். அப்பா அதையே நாலு தடவை பார்க்கிறார். அப்புறம் மெதுவா, "இதுமாதிரி ஒரு நாள் போய்ப் பாக்கணும்டா" என்கிறார்.

நீங்க என்ன சொல்வீங்க? "இந்த வயசுல எதுக்குப்பா?" என்பதுதான் முதலில் வாயில் வரும். பயம் நியாயமானதுதான். ஆரணி கடற்கரை ஊர் இல்ல. கமண்டல நாகநதியில் மழை பெய்தால்தான் தண்ணீர். முப்பது, நாற்பது வருஷம் குழித்தறியில் உட்கார்ந்தவருக்கு நீச்சலும் தெரியாது, படகும் தெரியாது.

ஆனா, அந்த ஒரு வரியில் ஆசையை அடைத்துவிட்டால் என்ன நடக்கும் தெரியுமா? ஒன்று, அவர் அதோடு மறந்துவிடுவார். இன்னொன்று, ஒரு நாள் நண்பர்களோடு எங்கேயோ போய், லைஃப் ஜாக்கெட் இல்லாத படகில் ஏறிவிடுவார். இரண்டுமே வேணாம். சரியான வரிசையில் போனால் 50 வயதுக்கு மேலும் இதைக் கற்றுக்கொள்ளலாம். அந்த வரிசையில் படகு கடைசியில்தான் வரும். எல்லோரும் சறுக்குவது படகில் ஆரம்பிப்பதால்தான்.

அம்மாவுக்கு ஆசை வந்தாலும் இதே வழிதான்.

நெசவாளிக்கு ஏற்கெனவே தெரிந்தது

தறியில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடுகிற நாடாவுக்குத் தமிழில் 'ஓடம்' என்றும் ஒரு பெயர் உண்டு. படகுக்கும் அதே சொல்தான். அப்பா இவ்வளவு காலமும் ஒருவகையில் ஓடம் விட்டவர்தான்!

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அறுந்த இழையைச் சேர்க்க நெசவாளர்கள் போடும் ஒரு முடிச்சு உலகம் முழுக்க 'நெசவாளர் முடிச்சு' என்றே அறியப்படுகிறது. கப்பல்காரர்கள் இரண்டு கயிறுகளை இணைக்கப் போடுவதும், மீன்வலையின் கண்களில் விழுவதும் அமைப்பில் அதே முடிச்சுதான். விரல் நுனியால் இழையின் இறுக்கத்தை உணர்கிற பழக்கம், ஒரே இடத்தில் மணிக்கணக்கில் பொறுமையாக இருக்கிற பழக்கம், ஆயிரக்கணக்கான இழைகளில் ஒன்று அறுந்தாலும் கண்ணில் படுகிற கூர்மை... தூண்டிலுக்கு வேண்டிய மூன்றும் அவரிடம் இருக்கு.

ஒரே ஒரு எச்சரிக்கை. அந்த நெசவாளர் முடிச்சைத் தூண்டில் நரம்பில் போட்டால் வழுக்கி அவிழும். நைலான் நரம்பு பட்டு இழை மாதிரி பிடித்துக்கொள்ளாது. முள்ளின் துளையில் நரம்பை நுழைத்து, நரம்பின் மேலேயே ஐந்து சுற்று சுற்றி, நுனியை முள்ளுக்கு அருகே உள்ள முதல் வளையத்தில் விட்டு, எச்சிலோ தண்ணீரோ தொட்டு ஈரமாக்கி மெதுவாக இறுக்க வேண்டும். ஈரமில்லாமல் இழுத்தால் உராய்வுச் சூட்டில் நரம்பு பலமிழந்துவிடும். ஒரு தடவை காட்டினால் போதும், அப்பா உங்களைவிட வேகமாகப் போடுவார்.

முதல் சிக்கல்: காலண்டர்

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பாவு ஈரமாகும், தெருவில் பாவு விரிக்க முடியாது, தறிக் குழியில் ஈரம் ஊறும். அதனால் வேலை குறையும். கையில் நேரம் இருக்கும். ஏரி, அணை எல்லாம் நிரம்பியிருக்கும். "இப்பவே போகலாமா?" என்று தோன்றுவது அப்போதுதான்.

படகுக்கு வருஷத்திலேயே மோசமான காலமும் அதுதான். வடகிழக்குப் பருவமழையில் கடல் கொந்தளிக்கும். உள்நாட்டிலும் அணைகள் திடீரெனத் திறக்கப்படும். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையின்போது நம்ம மாவட்டத்துச் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.5 லட்சம் கனஅடிக்கும் மேல் தண்ணீர் வெளியேற்றப்பட்டது. தென்பெண்ணைக் கரை ஊர்கள் பட்ட பாடு எல்லோருக்கும் நினைவிருக்கும்.

ஆடி மாதமும் சரிவராது. ஆடிக்காற்றில் அம்மியே பறக்கும் என்பார்கள், சின்னப் படகு எந்த மூலை? சித்திரை, வைகாசியில் மதியத்துக்கு மேல் இடிமழை வரும்.

அதனால் இப்படிப் பிரித்துக்கொள்ளுங்க: மழை மாதங்களில் கரையிலேயே கற்றுக்கொள்வது. தை முதல் பங்குனி வரை, காற்று அடங்கிய காலை நேரங்களில் படகு. முகூர்த்தச் சேலை ஆர்டர் குவிகிற மாதங்கள் அவை என்பதும் உண்மைதான். மாதத்தில் ஒரு ஞாயிறு ஒதுக்கினால் போதும்.

படி 1: உடம்பைக் கேளுங்க

முதலில் ஒரு டாக்டர். சுகர், பிரஷர், இதயம், கண், காது ஆகியவற்றோடு "படகில் போகப் போகிறேன்" என்பதையும் சேர்த்துச் சொல்லச் சொல்லுங்க. அது ஏன் முக்கியம் என்றால்:

* இடுப்பு: குழித்தறியில் குனிந்தே இருந்த முதுகு, படகிலும் அதே மாதிரி குனிந்திருக்கும். முதல் சில பயணங்கள் இரண்டு மணி நேரத்தைத் தாண்ட வேணாம்.
* சுகர்: நேரத்துக்குச் சாப்பிடாமல் வெயிலில் இருந்தால் சர்க்கரை திடீரெனக் குறையலாம். பிஸ்கட், குளுக்கோஸ், தண்ணீர் கைக்கெட்டும் இடத்தில் இருக்கணும். காலில் உணர்ச்சி குறைவாக இருந்தால் வெறுங்கால் கூடவே கூடாது.
* மாத்திரை: வாந்தி, தலைச்சுற்றலுக்குக் கடையில் கிடைக்கும் மாத்திரைகள் பல தூக்கம் வரவைப்பவை. கண் அழுத்தம், புராஸ்டேட் பிரச்னை உள்ளவர்கள் கேட்காமல் போடக் கூடாது. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவருக்கு முள் குத்தினால் ரத்தம் சீக்கிரம் நிற்காது.
* டெட்டனஸ் ஊசி: கடைசியாக எப்போது போட்டார் என்று பாருங்க.

படி 2: தூண்டிலுக்கு முன்னால் மிதக்கக் கற்றுக்கொள்ளணும்

55 வயதில் நீச்சல் வீரராக வேண்டிய அவசியமில்லை. மூன்று விஷயம் போதும். முகத்தில் தண்ணீர் பட்டாலும் பதறாமல் இருப்பது, மல்லாந்து ஐந்து நிமிடம் மிதப்பது, லைஃப் ஜாக்கெட்டோடு கொஞ்ச தூரம் கையால் துழாவி நகர்வது.

நம்ம பக்கம் முதுகில் பிளாஸ்டிக் கேனைக் கட்டிக் கிணற்றில் தள்ளிவிட்டு நீச்சல் கற்றுக்கொடுப்பார்கள். பத்து வயசுப் பையனுக்குச் சரி. அப்பாவுக்கு வேணாம். இடுப்பளவு தண்ணீர் உள்ள நீச்சல் குளம், பக்கத்தில் ஒரு பயிற்சியாளர், ஒருபோதும் தனியாக இல்லை. இதுதான் விதி.

அடுத்து, லைஃப் ஜாக்கெட். வாங்கும்போது நிறத்தைப் பார்ப்பதைவிட மிதவைத் திறனைப் பாருங்க. சர்வதேச அளவுகோலில் 50 நியூட்டன் என்பது நீச்சல் தெரிந்தவர்களுக்கு, கரை ஓரத்துக்கு மட்டும். நீச்சல் தெரியாதவருக்கு அமைதியான நீர்நிலையிலும் குறைந்தது 100 நியூட்டன் வேணும். கடலுக்கு 150. போட்டுப் பட்டையை இறுக்கியபின், நீங்க பின்னால் நின்று தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்குங்க. ஜாக்கெட் காது வரைக்கும் ஏறினால் அது தளர்வு. தண்ணீரில் விழுந்தால் ஆள் கீழே போவார், ஜாக்கெட் மட்டும் மேலே நிற்கும்.

"அதைப் போட்டா வேர்க்குதுப்பா" என்று கழற்றுவார். அப்போது இதைச் சொல்லுங்க. 2011 டிசம்பர் 25, கிறிஸ்துமஸ் அன்று பழவேற்காட்டில் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடி ஏரியில் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். இரண்டும் பொழுதுபோக்காகப் போன பயணங்கள்தான்.

படி 3: கரையில் மூன்று மாதம்

இப்போதுதான் தூண்டில்! ஏரிக்கரையில் தூண்டில் போடுவது சாதாரண விஷயம் என்று நினைக்க வேணாம். சென்னை மாகாணத்தில் அதிகாரியாக இருந்த ஹென்றி சல்லிவன் தாமஸ், இந்திய ஆறுகளின் தூண்டில் மீன்பிடி பற்றி 1873-ல் ஒரு புத்தகம் எழுதியவர். அவரே 1887-ல் ஏரி, குளங்களில் தூண்டில் போடுவதற்கென்று தனியாக இன்னொரு புத்தகம் எழுதினார். அவ்ளோ நுணுக்கம் இதில் இருக்கு.

முதல் செட்டுக்குப் பெரிய செலவு வேணாம். 7 அடி நீள நடுத்தர ராடு, 3000 அளவு ரீல், 10 முதல் 15 பவுண்டு நரம்பு, சின்ன முள் ஒரு பாக்கெட், தக்கை, ஈயக்குண்டு. ஜிலேபிக் கெண்டைக்கு மண்புழுவோ மைதா மாவு உருண்டையோ போதும். விராலுக்குத் தவளை உருவ ரப்பர் இரை நல்லா வேலை செய்யும். கட்லா, ரோகு பெரிசா இழுக்கும், அதெல்லாம் அப்புறம்.

ஆனா, ஏரியில் தண்ணீர் இருக்கிறது என்பதற்காகத் தூண்டிலோடு போய் உட்கார முடியாது. ஏரி மீனுக்குப் பெரும்பாலும் குத்தகைதாரர் இருப்பார், குஞ்சு விட்டுக் காசு போட்டிருப்பார். ஊராட்சியிலோ மீன்வளத் துறை அலுவலகத்திலோ யாருக்குக் குத்தகை என்று கேட்டு, அவரிடமே அனுமதி வாங்குங்க. "பிடிச்ச மீனுக்குக் கிலோ கணக்கில் காசு கொடுத்துடறேன்" என்றால் பெரும்பாலும் பேச்சு சுமுகமாக முடியும். நம்ம பட்டறைக்குள் ஒருத்தர் வந்து கேட்காமல் நாடாவைத் தொட்டால் எப்படி இருக்கும்? அதேதான்.

கரையில் மூன்று பாடம் கட்டாயம் வரணும்:

* பின்னால் பார்ப்பது: ராடை வீசும் முன் பின்னால் ஆள் இருக்கிறாரா, மேலே மின்கம்பி இருக்கிறதா என்று பார்க்கணும். கார்பன் ராடில் மின்சாரம் பாயும். இடிச் சத்தம் கேட்டால் ராடைக் கீழே வைத்துவிட்டுக் கட்டடத்துக்குள் போய்விட வேண்டியதுதான்.
* மீனைப் பிடிப்பது: தேளி, கெளுத்தி மீன்களின் முள் குத்தினால் கடுகடுவென வலிக்கும். வெறும் கையால் பிடிக்க வேணாம். குத்திவிட்டால், பொறுக்கக்கூடிய சூட்டில் உள்ள வெந்நீரில் கையை வைத்தால் வலி குறையும். அதன்பின் டாக்டரிடம் போகணும். அப்பாவுக்குச் சுகர் இருப்பதால் வெந்நீரின் சூட்டை உங்க கையால் பார்த்துவிட்டு வையுங்க.
* முள் குத்தினால்: தூண்டில் முள்ளின் நுனியில் பின்பக்கமாக ஒரு கொக்கி இருக்கும். பிடுங்கினால் சதையைக் கிழிக்கும். ஆழமாக இறங்கியிருந்தால் நரம்பை வெட்டிவிட்டு அப்படியே ஆஸ்பத்திரிக்குப் போங்க.

படி 4: அலையில்லாத தண்ணீரில் படகு

முதல் படகுப் பயணத்தில் தூண்டிலே வேணாம். சும்மா உட்கார்ந்து வரட்டும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காடு, முதலியார்குப்பம் ஆகிய இடங்களில் தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் படகு குழாம்கள் இருக்கு. ஏற்காடு, கொடைக்கானல் ஏரிகளிலும் படகு உண்டு. அங்கே மீன் பிடிக்கப் போகவில்லை. படகு ஆடும்போது அப்பாவுக்குத் தலை சுற்றுகிறதா, ஏறி இறங்கும்போது முழங்கால் ஒத்துழைக்கிறதா என்று பார்க்கத்தான்.

அது சரியாக வந்தால் அடுத்தது நீர்த்தேக்கம். திருவண்ணாமலையிலிருந்து சுமார் 30 கிலோமீட்டரில் சாத்தனூர் அணை. 1958-ல் கட்டி முடித்தது, முழு நீர்மட்டம் 119 அடி. இந்த மாதிரி அணைகளில் பரிசலில் போய் மீன் பிடிப்பவர்களுக்கு அது தொழில். மீன்பிடி உரிமையும் துறையிடமோ சங்கத்திடமோ இருக்கும். அதனால் அலுவலகத்தில் கேட்டு, வெளியாள் போக அனுமதி உண்டு என்றால் மட்டும் போங்க. இல்லை என்றால் இல்லைதான். யாரோ ஒருவர் "நான் கூட்டிட்டுப் போறேன், யாரும் பாக்க மாட்டாங்க" என்றால் திரும்பி வந்துடுங்க.

பரிசலில் ஏறுவதற்கு ஒரு முறை உண்டு. விளிம்பில் காலை வைத்தால் கவிழும். பரிசல்காரர் பிடித்துக்கொள்ள, நடுவில் கால் வைத்து உடனே உட்கார்ந்துவிட வேண்டும். பரிசலில் நாற்காலி கிடையாது, கீழேதான் உட்காரணும். மடித்த போர்வை ஒன்று எடுத்துப் போனால் இடுப்புக்கு நல்லது. மீன் மாட்டினாலும் எழுந்து நிற்கக் கூடாது. ஆசையில் எல்லோரும் ஒரே பக்கம் சாயவும் கூடாது. முதலை எச்சரிக்கைப் பலகை உள்ள இடங்களில் கையையோ காலையோ தண்ணீரில் விட்டு விளையாட வேணாம்.

முறையான அனுமதியோடு தூண்டில் போட வேண்டும் என்றால் நீலகிரி நினைவுக்கு வரும். அவலாஞ்சியில் 1907-லேயே ட்ரவுட் மீன் குஞ்சுப் பொரிப்பகம் வந்துவிட்டது. இதற்கும் போகும் முன் மீன்வளத் துறையில் கேட்டு உறுதி செய்துகொள்ளணும்.

படி 5: கடல், கடைசியாக

ஆரணியிலிருந்து கடல் சாலை வழியாக 100 கிலோமீட்டருக்கு மேல். மேலே உள்ள நாலு படியும் முடித்தவருக்கு மட்டுமே இது.

மீன்பிடிப் படகு வேறு, பயணிகளை ஏற்ற அனுமதி உள்ள படகு வேறு. கடற்கரையில் நிற்கும் மீனவரிடம் ஆயிரம் ரூபாய் கொடுத்து ஏறிவிடுவது அவருக்கும் சிக்கல், உங்களுக்கும் சிக்கல். பதிவு எண் இருக்கா, பயணிகளை ஏற்றும் அனுமதி இருக்கா, எல்லோருக்கும் லைஃப் ஜாக்கெட் இருக்கா என்று மூன்று கேள்வி கேளுங்க. ஒன்றுக்கு மழுப்பினாலும் ஏறாதீங்க.

நம் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். அந்த நேரத்தில் திட்டம் போட வேணாம். கிளம்புவதற்கு முந்தின நாளும், கிளம்பும் காலையும் வானிலை மையத்தின் மீனவர் எச்சரிக்கையைப் பாருங்க. கடலோரப் பாதுகாப்புக் குழும உதவி எண் 1093. கடலோரக் காவல் படை 1554. இரண்டையும் அப்பா போனில் பதிந்து, அந்த போனை நீர் புகாத உறையில் போட்டு, கழுத்தில் மாட்டிவிடுங்க. கூடவே ஒரு விசில். போன் சார்ஜ் தீரும், விசில் தீராது.

காசு விஷயம்

வாரக்கூலி வாங்கும் வீட்டில் "ஹாபிக்கு இவ்ளோவா?" என்ற கேள்வி வரும். படகு வாங்கும் பேச்சையே எடுக்க வேணாம். பதிவு, நிறுத்த இடம், பராமரிப்பு என்று அது தனிச் செலவு. வருஷத்துக்கு மூன்று, நாலு பயணம், அதுவும் நாலு பேர் சேர்ந்து பகிர்ந்துகொண்டால் கட்டுப்படியாகும். பணத்தைச் சேமிக்க வேண்டுமென்றால் ராடில் சேமியுங்க, லைஃப் ஜாக்கெட்டில் சேமிக்காதீங்க.

படகுக்காரரிடம் பேரம் பேசும்போது ஒன்றை நினைத்துக்கொள்ளுங்க. அவர் உங்களுக்காக ஒரு நாள் பாட்டை விடுகிறார். சேலைக்குக் கூலியைக் குறைத்துக் கேட்கிறவர்களைப் பார்த்து நம்ம வீட்டில் எவ்வளவு வருத்தப்பட்டிருப்போம்!

பிடித்த மீனை என்ன செய்வது?

சாப்பிடத் தேவையானதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்க. குஞ்சுகளையும் சினை மீனையும், ஈரக் கையால் பிடித்துத் திரும்ப விட்டுவிடுங்க. காய்ந்த கை பட்டால் மீனின் மேலுள்ள வழுவழுப்பு உரிந்து அதற்கு நோய் வரும். அறுந்த நரம்பைத் தண்ணீரில் போட்டால் கொக்கு, நாரையின் காலைச் சுற்றும். தறியடியில் கழிவு இழையைச் சேர்த்து வைப்பது மாதிரி ஒரு பையில் போட்டு வீட்டுக்கே கொண்டுவாங்க. கடலில் ஆமையோ கடல்குதிரையோ மாட்டினால் அவை சட்டப்படி பாதுகாக்கப்பட்ட உயிரினங்கள். உடனே விட்டுவிட வேண்டும்.

உங்க வேலை என்ன?

புறப்படும் முன் ஒரு தடவை ஓட்டிப் பாருங்க:

* லைஃப் ஜாக்கெட் போட்டு, தோளைத் தூக்கிப் பார்த்தாச்சா?
* யாரோடு, எங்கே, எத்தனை மணிக்குத் திரும்புவார் என்று வீட்டில் ஒருவருக்குத் தெரியுமா?
* மாத்திரை, தண்ணீர், தின்ன ஏதாவது?
* தொப்பி, முழுக்கைச் சட்டை, வழுக்காத செருப்பு?
* குடித்தவர் யாராவது கூட வருகிறார்களா? அப்படியானால் பயணமே ரத்து.

இது எல்லாவற்றையும்விட முக்கியமான ஒன்று, முதல் சில தடவை நீங்களும் கூடப் போங்க. பாதுகாப்புக்காக மட்டும் இல்ல. நமக்குப் பள்ளிக் கட்டணம் கட்டியதும், கையில் போன் வாங்கிக் கொடுத்ததும் அந்தத் தறியில் ஓடிய நாடாதான். இத்தனை வருஷத்தில் அவர் தனக்கென்று வாய்விட்டுக் கேட்டது எத்தனை என்று எண்ணிப் பாருங்க.

மீன் மாட்டாத நாள்தான் அதிகம் இருக்கும். காலை ஆறு மணிக்குப் பனி விலகாத தண்ணீரில், தக்கையைப் பார்த்துக்கொண்டு, இரண்டு பேரும் பேசாமல் உட்கார்ந்திருப்பீங்க. அப்புறம் அவராகவே ஏதாவது பழைய கதை ஆரம்பிப்பார்.

அடுத்த தடவை "ஒரு நாள் போய்ப் பாக்கணும்டா" என்றால், "இந்த வயசுல எதுக்குப்பா" வேணாம். "மொதல்ல நீச்சல் கத்துக்கலாம், வாப்பா" என்று சொல்லிப் பாருங்க.